அணைக்கரைப் பாதையை வரைபடத்தில் ஏற்றாதீர்கள்

ஞாயிறுதோறும் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணைப் பக்கம் வரும் சைக்கிள் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். குலசேகரத்தில் நீங்கள் டீ குடிக்க இறங்கும்போது, மண்ணும் கல்லுமான பாதையில் ஓட்டும் பழைய நீலநிறக் கிராவல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓரமாக நிற்பவன் நான்தான். நாகர்கோவிலில் வேலை, சொந்த வீடு மலையோரத்தில். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டுதான் தொழில். உங்களில் ஒருவனாகவும் அவருடைய மகனாகவும் இதை எழுதுகிறேன்.

டிசம்பரில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, விடிவதற்கு முன்னால், அப்பா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். முந்நூறு மரங்களை முடிக்க வேண்டுமென்றால் இருட்டிலேயே தொடங்கியாக வேண்டும். அப்போது வளைவில் ஏழெட்டு சைக்கிள்கள் சத்தமே இல்லாமல் வந்தன. வெள்ளை வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. கையில் இருந்த கத்தி ஒரு நூல் கூடுதலாக இறங்கிவிட்டது.

ஒரு நூல்தானே என்று தோன்றும். மரப்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் வெட்டுவதுதான் இந்தத் தொழிலின் வித்தை. தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே கத்தி வைக்க முடியாது. மறுநாள் அப்பா அந்த மரத்தை எனக்குக் காட்டினார். வெட்டுக்கோட்டின் நடுவில் கண் திறந்தாற்போல் ஒரு குழி, அதிலிருந்து பால் கோடு மாறிப் பட்டையில் வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் பால் பிடிக்கும் சிரட்டைகள் நான்கு கவிழ்ந்து கிடந்தன. ஹேண்டில் இடித்ததாகத்தான் இருக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. வந்தவர்களில் ஒருவர் “சாரி அண்ணாச்சி” என்றும் சொன்னாராம்.

நான் எழுத வந்தது சிரட்டையைப் பற்றி அல்ல. அன்று மாலையே அந்தத் தடம், ஓட்டிய வழியை வரைபடமாகப் பகிரும் ஸ்ட்ராவா செயலியில் ஏறியது. எங்கள் விளையை, அதாவது ரப்பர் தோட்டத்தை, கடந்து, சரிவில் இறங்கி, அணையின் நீர்க்கரையை ஒட்டிக் காட்டுக்குள் போகும் தடம். அடுத்த ஞாயிறு அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குழு வந்தது. அதற்கடுத்த வாரம் வேறொரு குழு. இப்போது அதை முறையான சைக்கிள் பாதையாக அறிவிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று டீக்கடையில் நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஏற்றிய தடத்தையும் எடுத்துவிடுங்கள்.

அந்தக் கரையின் அழகு எனக்கும் தெரியும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது வெளியே தெரியும் அந்தச் செம்மண் விளிம்பில் காலை வெயில் விழுவதைப் பார்த்தவன் சும்மா இருக்க முடியாது. ஆனால் தண்ணீர் இறங்கும் அதே மாதங்களில்தான் யானையும் குடிக்க இறங்குகிறது. 2023-இல் இதே மாவட்டத்தில் சிற்றாறு ரப்பர் குடியிருப்புப் பக்கம் புலி வந்து ஆடு மாடுகளை அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்து மேல் கோதையாறு பக்கம் கொண்டுவந்து விட்டபோது இந்த ஊர்க்காரர்கள் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தார்கள் என்பது டீக்கடைக்காரரைக் கேட்டால் தெரியும். சத்தமில்லாமல் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வளைவு திரும்புகிறவனை யானை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். நடந்து போகிறவர் இருமுவார், பேசுவார், கம்பால் தட்டுவார். நமக்கோ சத்தம் வராத சைக்கிள்தான் பெருமை.

சட்டமும் நம் பக்கம் இல்லை. அந்தக் காடு 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்கிறது. பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவருக்கு விலக்கு உண்டு. அங்கேயே வாழ உரிமை பெற்றவருக்கும் உண்டு. நீர்க்கரையில் போகும் ஒற்றையடித்தடம் பொதுச்சாலை ஆகாது. நாமும் அங்கே வாழ்கிறவர்கள் அல்லர்.

வாழ்கிறவர்கள் காணிப் பழங்குடி மக்கள். தச்சமலை, தோட்டமலை ஊர்க்காரர்கள் படகில் அணையைக் கடந்து, மிளகும் பாக்கும் சுமந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடக்கும் தடங்கள் அவை. “யாருக்கும் தெரியாத பாதை” என்று ஒருவர் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. அந்தப் படத்திலேயே, ஓரத்தில், தலைச்சுமையோடு ஒரு பாட்டி ஒதுங்கி நிற்கிறார்.

சரி, எங்கே ஓட்டுவது? சரலுக்கா இந்த மாவட்டத்தில் பஞ்சம்? நீங்கள் கிராவல் என்பதைத்தான் நம்மூரில் சரல் என்கிறோம். சரலூர், சரல்விளை என்று ஊருக்கே பெயர் வைத்தவர்கள் நாம். அதில் ஓட்ட அணைக்கரைக் காட்டுக்குள்தான் போக வேண்டும் என்பதில்லை. அணையிலிருந்து புறப்படும் தண்ணீரோடு போகலாம்.

திருவிதாங்கூர் அரசு 1897-இல் தொடங்கி 1906-இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கருகிலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீரும் பெருஞ்சாணி அணைத் தண்ணீரும் பட்டணங்கால், தோவாளை சானல், அனந்தனாறு சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு என்று பல சானல்களாக, அதாவது கால்வாய்களாக, பிரிந்து மாவட்டம் முழுக்க ஓடுகின்றன. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் சானல் மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி மிக மெதுவாக இறங்கும். அதன் கரையும் அப்படியே. மூச்சு வாங்காமல் மணிக்கணக்கில் ஓட்டலாம். ஒரு பக்கம் ஓடும் நீர், மறுபக்கம் வயல், வாழைத்தோட்டம், தென்னை, நடுவில் நாற்பது மில்லிமீட்டர் டயருக்கென்றே போட்டதுபோல் சரல். அருமநல்லூர் பக்கம் தோவாளை சானல் கரையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கிழக்கே மலை முழுதாக எழுந்து நிற்கும். இடையில் கரை உடைந்த இடங்களும் முள் அடைத்த இடங்களும் வரும். இறங்கித் தள்ளுங்கள், அதுவும் இந்தச் சவாரியில் சேர்த்திதான்.

ஜூனில் அணை திறந்தால் பெரும்பாலும் பிப்ரவரி கடைசி வரை சானலில் தண்ணீர் ஓடும். அந்த மாதங்களில் காலையில் படித்துறைகளில் பெண்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள். படித்துறை கண்ணில் பட்டதும் ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவை அணைத்துவிடுங்கள். கொஞ்சம் தள்ளியே பெல் அடித்துவிட்டு, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு போங்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டியிருக்கிறது.

சானல் தண்ணீரைப் பள்ளத்தாக்குக்கு மேலே கடத்தும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் சைக்கிள் வேண்டாம். 115 அடி உயரம், ஒடுங்கிய நடைபாதை. கீழே பூட்டி வைத்துவிட்டு நடந்து பாருங்கள்.

ரப்பர் தோட்டத்துக்குள் ஓட்ட ஆசையென்றால் சொந்தக்காரரைக் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்கிறவர் அதிகம் இல்லை. இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்தில், ஏறத்தாழ பிப்ரவரி, மார்ச்சில், வெட்டை நிறுத்திவிடுவார்கள். அப்போது தடத்தில் ஆள் குறைவு. ஆனால் சருகை நம்பாதீர்கள். மழைத்தண்ணீர் நிற்க மரவரிசைக்கு இடையில் குழி வெட்டியிருப்பார்கள், சருகு அதைச் சமமாக மூடியிருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் முன்சக்கரத்தை அதில் விட்டுத் தோள்பட்டையை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் இடக்கையால் சோறு தின்றேன். இன்னொன்று பீடி, சிகரெட். அந்தச் சருகில் ஒரு பொறி விழுந்தால் அப்பாவின் முந்நூறு மரங்களும் போய்விடும்.

மார்ச் முதல் ஞாயிறு, சூரியன் நன்றாக ஏறிய பிறகு, குலசேகரம் டீக்கடையில் நிற்பேன். வருகிறவர்களைச் சானல் கரை வழியாக நாகர்கோவில் வரை கூட்டிப் போகிறேன். புறப்படும்போது எங்கள் விளையையும் பார்த்துவிட்டுப் போகலாம், அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சிரட்டைக்கு யாரும் காசு தர வேண்டாம். கிராவல் சைக்கிளுக்குப் பெல் அழகில்லை என்று உங்களில் ஒருவர் சொன்னார். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆகவே, பால்காரர் சைக்கிளில் இருக்குமே, அந்தப் பெரிய பெல்லாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
நீலச் சைக்கிள்காரன்