மூர்த்திக்கு, பிரேக்பாயிண்ட் விஷயமாக

அன்புள்ள மூர்த்தி,

உன் மெயில் பார்த்தேன். சின்னவளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாளா? வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். அதனால்தான் ராத்திரி ஒரு மணிக்குப் போர்டோடு மல்லுக்கட்டுகிறாய் போலிருக்கிறது. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் ஷேவ் பண்ணாததையெல்லாம் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறார்.

சரி, உன் பிரேக்பாயிண்ட், அதாவது ஓடும் ப்ரோக்ராமை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க நீ வைக்கும் புள்ளி. வைத்த இடத்தில் நிற்பதில்லை, வேறு வரியில் நிற்கிறது, நின்றாலும் ரீசெட் ஆகிறது என்று எழுதியிருந்தாய். சிப் போலி, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ப்ரோப் போலி என்று அதற்குள் பழி போட்டுவிட்டாயே! உன் எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் இருக்கும் ப்ராசசர் கோர் கார்டெக்ஸ் எம்3. ஃப்ளாஷ் மெமரியில் ஓடும் ப்ரோக்ராமை நிறுத்த, அட்ரஸை ஒப்பிட்டுப் பார்க்கும் கம்பேரட்டர் அதற்குள் 6தான் உண்டு, ஒரு பிரேக்பாயிண்டுக்கு ஒன்று. மெயின் ஃபங்ஷனில் நிற்க ஐடிஈ (நீ கோட் எழுதி ஓட்டும் சாஃப்ட்வேர்) தானாகவே ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஸ்டெப் ஓவர் (ஒரு வரியை முழுசாக ஓட்டி அடுத்ததில் நிற்பது) போனால் அந்த நேரத்துக்கு இன்னொன்று வேண்டியிருக்கும். நீ கண்ட இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தால் எங்கே போகும்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்று வைத்துப் பார்.

வேறு வரியில் போய் நிற்கிறது என்கிறாயே, அது பெரும்பாலும் ஆப்டிமைசேஷன், கோட் வேகமாக ஓட கம்பைலர் அதை மாற்றியமைப்பது. ஓ2 லெவலில் பில்ட் செய்தால் சின்ன ஃபங்ஷனைக் கம்பைலர் கூப்பிட்ட இடத்திலேயே விரித்துவிடும். அந்த வரிக்கென்று தனி அட்ரஸே மிஞ்சாது. அந்த ஃபைலை மட்டும் டீபக்குக்கு ஏற்ற ஓஜி லெவலில் பில்ட் பண்ணு. டீபக்கர் படிக்கும் எல்ஃப் ஃபைலும் (பில்டில் வருவது) சிப்பில் ஏறியிருப்பதும் ஒரே பில்டா என்றும் பார்த்துவிடு.

நின்ற கொஞ்ச நேரத்தில் ரீசெட் ஆவது வாட்ச்டாக் வேலை, ப்ரோக்ராம் அவ்வப்போது தட்டிக்கொடுக்காவிட்டால் சிப்பை ரீசெட் பண்ணும் டைமர். அது தனியாக, சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டரில் ஓடுகிறது. கோர் நின்றால் அதற்கென்ன? எவ்வளவு நீட்டினாலும் 26 வினாடி சுமாருக்குத்தான் பொறுக்கும். டிபிஜிஎம்சியூ என்ற டீபக் ரிஜிஸ்டரில், கோர் நிற்கும்போது அதையும் நிறுத்த ஒரு பிட் இருக்கிறது. டீபக்கரின் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டிலேயே போட்டுவிடு, பவர் போனால் அந்த பிட்டும் போய்விடும்.

அதே ரிஜிஸ்டரில் டைமர்1-க்கும் ஒரு பிட் உண்டு. உனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் உன் போர்டில் மோட்டார் இருக்கிறது. பிரேக்பாயிண்டில் நிற்பது கோர் மட்டும்தான். டைமர் தன்பாட்டுக்கு ஓடும், பிடபிள்யூஎம் (மோட்டாருக்குப் போகும் ஆன்-ஆஃப் பல்ஸ்) கடைசியாக எழுதிய ட்யூட்டியிலேயே, அதாவது அதே ஆன் விகிதத்திலேயே, போய்க்கொண்டிருக்கும். கரண்ட் ஏறினால் குறைக்க வேண்டிய லூப்பைத்தான் நீ நிறுத்திவிட்டாயே! நீ சாவகாசமாக வேரியபிள் பார்த்துக்கொண்டிருப்பாய், அங்கே மோட்டாருக்குக் கரண்ட் விடும் மாஸ்ஃபெட் வெந்துகொண்டிருக்கும். பிட்டைப் போட்டபிறகும் நம்பாதே. மோட்டாரைக் கழற்றிவிட்டு, பிரேக்பாயிண்டில் நிறுத்தி, மாஸ்ஃபெட்டின் கேட் பின்னில் ஸ்கோப் வைத்துப் பார். சப்ளையில் கரண்ட் லிமிட்டை இறக்கி வை. என்னைக் கேட்டால் அந்த லூப்புக்குள் பிரேக்பாயிண்டே வேண்டாம். மதிப்புகளை ராமில் ஒரு அர்ரேயில் எழுதிக்கொண்டே போ, மோட்டார் நின்றபிறகு எடுத்துப் படி.

அப்படியும் சரிவராவிட்டால் மேப் ஃபைலை (எது எந்த அட்ரஸில் என்ற பட்டியல்) அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். உன் பழைய லாஜிக் அனலைசர் சும்மா கிடந்தால் கூரியரில் போட்டுவிடு, எனக்கு ஒரு சிஏஎன் பஸ் (போர்டுகள் பேசிக்கொள்ளும் லைன்) பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
சேகர்