செயலாளர் ஆண்டறிக்கை: பீட் சீகர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் அமெரிக்க நாட்டுப்பாடகரும் கதைசொல்லியுமான பீட் சீகரைப் பற்றியே நடந்தன. 1919இல் பிறந்தவர்; 2014இல் 94 வயதில் மறைந்தார். 1950இல் அவர் இருந்த வீவர்ஸ் என்ற பாடகர் குழுவின் இசைத்தட்டு 13 வாரம் விற்பனையில் முதலிடத்தில் நின்றது. 1955இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன் தம் அரசியல் தொடர்புகளைச் சொல்ல மறுத்தார். அதற்காக 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது ரத்தானது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களோ 1967 வரை அவரை ஒதுக்கியே வைத்தன. அந்த ஆண்டுகளில் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பாடினார். அவர் புகழ் வேர்பிடித்தது அங்கேதான் என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து. வந்தவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை, சேர்ந்து பாடினார்கள்.

சேர்ந்து பாடவைக்கும் அவருடைய முறையையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். ஒரு வரி முடியும் இடைவெளியில் அடுத்த வரியைத் தாளம் விடாமல் வேகமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்வது அரை நொடி பிந்தினால் கூட்டமும் பிந்தும். இரண்டாவது சரணத்துக்குள் காலப்பிரமாணம் இழுபட்டுவிடும். சுருதியைப் பாடகரின் வசதிக்கு வைக்கக் கூடாது. பாட்டின் உச்ச ஸ்வரம் மேற்கத்திய ஸ்வரமான மேல் டி-யைத் தாண்டினால் பின்வரிசை மௌனமாகிவிடும்.

சீகர் வாசித்த பேஞ்சோவை (தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக்கருவி) வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: நம் ஊரில் பொத்தான் அழுத்தி வாசிக்கும் புல்புல் தாராவும் அதே பெயரில் விற்கிறது. நமக்கு வேண்டியது ஐந்து தந்தி உள்ளது. சீகர் தம் கருவியின் கழுத்தை மூன்று ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அளவுக்கு நீட்டிக்கொண்டார், தணிந்த சுருதியில் பாட. அவருடைய அடிப்படை வாசிப்பு இதுதான்: சுட்டுவிரலால் ஒரு தந்தியை மேல்நோக்கி மீட்டு, நகத்தால் தந்திகளைக் கீழ்நோக்கி வருடி, கட்டைவிரலால், கழுத்தின் நடுவில் தொடங்கும் குட்டையான ஐந்தாம் தந்தியைத் தட்டுவது. முதல் மீட்டலுக்குப் பாதிக் காலம், மற்ற இரண்டுக்கும் மீதிப் பாதி. புதியவர்கள் மூன்றையும் சமமாக்கிவிடுகிறார்கள், நடையே மாறிப்போகிறது. சுருதியை ஏற்றக் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டால் ஐந்தாம் தந்தியையும் அதே அளவு ஏற்ற மறக்காதீர்கள். தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டான பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில் நிற்பது. எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் இடம் மாறிவிடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய ஒலி, அங்கேயே லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியைவிட ஏறியிருந்தால் பிரிட்ஜைக் கழுத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

சிறுவர் கூட்டத்தில் அவருடைய ‘அபியோயோ’ கதையைப் பார்த்தோம். தென்னாப்பிரிக்கத் தாலாட்டிலிருந்து எழுந்த ராட்சசன் கதை அது. ராட்சசன் பெயரே பல்லவி. அது திரும்பத் திரும்ப வேகம் கூடிக்கொண்டே போக, அவன் ஆடி ஆடி விழுகிறான். தொடக்கத்திலேயே வேகமாகப் பாடினால் கூட்டுவதற்கு இடமிருக்காது.

வரவு செலவைப் பொருளாளர் தாக்கல் செய்வார். வரும் ஆண்டில் மாதந்தோறும் ஒரு கூட்டுப்பாடல் அமர்வு நடத்தவும், சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை உறுப்பினர்கள் முறைவைத்து ஏற்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்