பயணத்தை டிசம்பருக்கு மாற்றுங்கள்

வில்மிங்டன், டெலவேர்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நான், உங்கள் மாப்பிள்ளை, பேரன் மூவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். அடுத்த ஆண்டு மே மாதம் இங்கே வருவதாகவும், அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும் அப்பா எழுதியிருந்தீர்கள். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லித்தான் இந்தக் கடிதம். நவம்பர் கடைசியில் புறப்பட்டு, ஜனவரி முதல் வாரம் வரையாவது எங்களோடு இருங்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் இந்தப் பக்கத்து அருங்காட்சியகங்களில் வைக்கும் பொம்மை வீட்டையும் பொம்மை ரயிலையும் நீங்கள் இருவரும் பார்த்தே ஆக வேண்டும் என்பதுதான் காரணம். மே மாதம் வந்தால் பூக்களைப் பார்க்கலாம். இவற்றைப் பார்க்க முடியாது.

எங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் விண்டர்டூர் என்ற பெரிய மாளிகை இருக்கிறது. வெடிமருந்துத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய டூபாண்ட் குடும்பத்தின் வீடு அது. அந்த வீட்டிலேயே 1880-இல் பிறந்த ஹென்றி பிரான்சிஸ் டூபாண்ட், அமெரிக்கப் பழங்கால வீட்டுச் சாமான்களை வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து, 175 அறைகளில் நிரப்பி, 1951-இல் வீட்டையே அருங்காட்சியகமாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அப்பாவுக்குப் பிடித்த செய்தி ஒன்றும் உண்டு. ஹென்றியின் தந்தையார் வில்மிங்டன் அண்ட் நார்தர்ன் என்ற ரயில் கம்பெனியின் தலைவராக இருந்தவர். இந்த எஸ்டேட்டுக்கென்றே தனியாக ஒரு ரயில் நிலையமும் இருந்தது.

நவம்பர் நடுவிலிருந்து அங்கே பல அறைகளைப் பழைய காலத்துக் கிறிஸ்துமஸ் போல அலங்கரித்துவிடுகிறார்கள். தோட்டத்தில் பூத்த மலர்களை உலர்த்தி, நிறம் கெடாமல் காத்து, ஒரு கிறிஸ்துமஸ் மரம் முழுக்கச் செருகி நிறுத்துகிறார்கள். ஆனால் நான் அம்மாவுக்குக் காட்ட நினைப்பது அங்குள்ள பொம்மை வீட்டைத்தான். 18 அறைகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட சாமான்கள், அறைக்கு அறை பண்டிகை அலங்காரம். இத்தகைய வீடுகளுக்கு இங்கே வழக்கமான அளவு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். ஐந்தரை அடி மனிதன் அங்கே குடியிருப்பதானால் ஐந்தரை அங்குலம்தான் இருப்பான். அவனுடைய நாற்காலி, விளக்கு, சாப்பாட்டுத் தட்டு, படிக்கட்டின் கைப்பிடி எல்லாம் அந்தக் கணக்கிலேயே சுருங்கியாக வேண்டும். நம் வீட்டுக் கொலுவில் தசாவதாரத்தைவிடச் செட்டியார் பொம்மை பெரிதாக இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. இங்கேயோ ஒரு தட்டு நகத்தளவுக்குக் கொஞ்சம் கூடினாலும் வீடு பொய்யாகிவிடும். இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு நிமிடம் நின்று பார்த்தால் கண் அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. பிறகு நிமிர்ந்து பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும்போது அவர்தான் ராட்சதராகத் தெரிகிறார்.

ரயில் இருப்பது வேறிடம். மாநில எல்லையைத் தாண்டினால் பென்சில்வேனியாவில் சாட்ஸ் போர்ட் என்ற சிற்றூர். அங்கே பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1864-இல் கட்டிய மாவு ஆலை ஒன்றை 1971-இல் ஓவிய அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். வையத் என்ற ஓவியக் குடும்பத்தின் படங்கள்தான் அங்கே முதன்மையானவை. மூத்தவரான என்.சி. வையத் 1911-இல் நிலம் வாங்கிக் கட்டிய வீடும் சித்திரக்கூடமும் அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. 1972 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே பொம்மை ரயில் ஓடுகிறது. ஓவியம் பார்க்க வருகிறவர்களைவிட ரயிலுக்காக வருகிற குழந்தைகளின் கூட்டமே அந்த நாட்களில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பா, பொன்மலைப் பணிமனையில் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களுக்குக் கைவைத்தவர் நீங்கள். உங்களிடம் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன். அந்தப் பொம்மை ரயிலின் அளவுக்கு ‘ஓ கேஜ்’ என்று பெயர். தண்டவாள இடைவெளி ஒன்றேகால் அங்குலம். அமெரிக்காவில் 48-இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள், அதாவது 48 அடிப் பெட்டி இங்கே ஓரடி. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று ஓடுகிறது. மின்சாரம் வருவது நடுவில், திரும்புவது வெளியிரண்டில். எஞ்சினின் அடியில் இருக்கும் சிறிய உருளை நடுத்தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே போகிறது. உண்மையான ரயிலில் இல்லாத இந்த நடுத்தண்டவாளம் பார்வைக்குக் குறைதான். ஆனால் பாதை வளைந்து திரும்பித் தன்னையே வந்து சேரும் இடத்தில், இரண்டு மட்டும் இருந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். மூன்றாவது இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. நீராவி எஞ்சினின் புகைபோக்கிக்குள் சில சொட்டு எண்ணெய் விடுகிறார்கள். உள்ளே சூடேறும் கம்பி அதைப் புகையாக்கித் தள்ளுகிறது.

நாங்கள் போயிருந்தபோது ஓரமாக ஒரு பாதையை மட்டும் நிறுத்திவைத்து, வயதான தன்னார்வலர் ஒருவர் வெள்ளைத் துணித்துண்டால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியில் கன்னங்கரேலென்று கோடு விழுந்தது. எதற்காக என்று உங்கள் பேரன் கேட்டான். சக்கரம் ஓட ஓட அழுக்குப் படிந்து மின்தொடர்பு விட்டுவிட்டு வரும், எஞ்சின் திக்கித்திக்கி நிற்கும் என்று அவர் பொறுமையாக விளக்கிவிட்டு, துணியை அவன் கையில் கொடுத்து ஒரு முழம் தூரம் துடைக்கவிட்டார். சரக்கு வண்டி ஒன்று அவனைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கியவன் பாதியில் கணக்கை விட்டுவிட்டான். அங்கே பைன் காய், ஓக் கொட்டை, விதைக்கூடு போன்றவற்றை ஒட்டித் தன்னார்வலர்கள் செய்யும் எலி, அணில் பொம்மைகளை டிசம்பரில் விற்கவும் செய்கிறார்கள். அம்மாவின் கைக்கு அதெல்லாம் அரைமணி நேர வேலை.

கிறிஸ்துமசுக்கும் ரயிலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கக்கூடும். பொம்மை ரயிலுக்குப் பேர்போன லயனல் கம்பெனியை 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஜோஷுவா கோவன், கடைக்காரர்கள் கண்ணாடி ஜன்னலில் வைத்து ஆட்களை ஈர்ப்பதற்காகத்தான் முதலில் மின்சாரத்தில் ஓடும் வண்டியைச் செய்தார். வந்தவர்கள் கடைச்சரக்கை விட்டுவிட்டு அந்த வண்டியையே விலைக்குக் கேட்டார்கள். பரிசு வாங்கும் மாதம் டிசம்பர் என்பதால் விற்பனையும் அந்த மாதத்தில் குவிந்தது. கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ரயில் ஓடுவது வீட்டு வழக்கமாகிவிட்டது.

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். வீடு, கார், அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் சூடேற்றும் வசதி உண்டு. வெளியில் நிற்பது காரிலிருந்து வாசல் வரைதான். அம்மாவுக்கு உள்ளே கம்பளி வைத்த கோட்டு ஒன்றை இப்போதே பார்த்து வைத்திருக்கிறேன். சனி ஞாயிறுகளில் கூட்டம் நெருக்கும் என்பதால் வேலைநாள் காலையில் விடுப்பு எடுத்து நானே அழைத்துப் போகிறேன். மாளிகைக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும்; ஆகவே விமான டிக்கெட் போடும் முன் தேதியை எனக்கு எழுதிவிடுங்கள். வளைவுகளில் வெளித்தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவது பொம்மை ரயிலுக்கும் தேவைதானா என்று உங்கள் பேரன் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதற்கான பதிலையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்து எழுதுங்கள் அப்பா.

உங்கள் அன்பு மகள்