உறைபெட்டிக்கு ஆள் வேண்டும்

கால்நடை ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எனக்கு முன்னிருந்தவர் திட்டக்காலம் முடிந்ததும் போய்விட்டார். மடிநோய் கண்ட மாடுகளின் பாலிலிருந்தும் கோழி எச்சத்திலிருந்தும் அவர் பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள், கிளிசரால் கலந்த சிறு குப்பிகளில் மைனஸ் 80 டிகிரியில் கிடக்கின்றன. மூடிகளின் மேல் பேனா எழுத்து பாதி அழிந்துவிட்டது. எது எந்தப் பண்ணையில் எடுத்தது என்று சொல்ல ஆளில்லை.

இதைச் சில்லறை விஷயமென்று தள்ளிவிடாதீர்கள். வேறு மருந்து எதுவும் கேட்காதபோது மனிதருக்குக் கொடுக்கும் ஆண்டிபயாடிக் கொலிஸ்டின். பாக்டீரியாவை அதற்கும் அடங்காமல் செய்யும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் அறிவித்தார்கள். அது பிடிபட்டது 2013இல் ஷாங்காய்ப் பன்றி ஒன்றிடம் எடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில். பண்ணை விலங்குகளை வழக்கமாகக் கண்காணித்து வந்ததால்தான் பாக்டீரியாக்களில் கொலிஸ்டின் எதிர்ப்பு ஏறுவது அவர்கள் கண்ணில் பட்டது. பிறகு சேமிப்பைத் துழாவினால், 1980களில் கோழிகளிடம் எடுத்தவற்றிலேயே அந்த மரபணு இருந்தது! 2017இல் அங்கே தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தினார்கள். எதிர்ப்பு குறைந்ததை, முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

நம் நாடும் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடைசெய்தது. நல்ல முடிவு. நாமக்கல் கோழிகளில் அதன் பலன் என்ன என்று சொல்ல, 2019க்கு முந்தைய குப்பியும் வேண்டும், இன்றைய குப்பியும் வேண்டும். சோதிக்கத் தெரிந்த கையும் வேண்டும். பாக்டீரியா வளர்க்கும் கூழான அகாரில் கொலிஸ்டின் சரியாகப் பரவாது. மருந்து வட்டைச் சுற்றித் தெரியும் வளையத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதினால் ஏமாந்துபோவோம். திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்துதான் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் கைக்கு வரும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. ஆண்டிபயாடிக்கை எங்கே கொடுக்கக் கூடாது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர், மருந்து நிறுவனத்தில் சேர்ந்து அதையே விற்கப் போகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வீட்டு வாடகை உண்டு.

புதிய கருவி கேட்கவில்லை. கருவிக்கு எப்படியோ நிதி வந்துவிடுகிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. ஒவ்வொரு கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும் சேமிப்புக்குப் பொறுப்பாக ஒரு நிரந்தரப் பணியிடம் கொடுங்கள். திட்டம் முடிகையில் குப்பிகளையும் பதிவேட்டையும் அவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகே கடைசித் தவணையை விடுவியுங்கள். வரும் நிதியாண்டின் விதிகளிலேயே இதைச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை நுண்ணுயிரியலாளர்