பதினெட்டுக்கு மேல் யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் 21 வந்தால் டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பிறப்பதால் வளர்ச்சி மெதுவாக இருக்கும் நிலை) தினம் என்று சின்னப் பிள்ளைகள் பலூன் பிடித்து நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வரும். சந்தோஷம்தான். அந்தப் பிள்ளைகள் முப்பதைத் தாண்டிய பிறகு என்ன செய்கிறார்கள் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தம்பியை வைத்துச் சொல்கிறேன்: டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எடை ஏறுகிறது, தைராய்டு மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது.

குழந்தைகளுக்கான அரசு மருத்துவப் பரிசோதனைத் திட்டம் 18 வயதோடு முடிந்துவிடும். சிறப்புப் பள்ளியும் முடிந்தது. சேலத்தில் ஒரு ஜிம்மில் கேட்டோம்; பொறுப்பு ஏற்க முடியாது என்றார்கள். ஏற்றிருந்தாலும் என்ன, நாங்கள் இருப்பது நாகலூரில். ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுக்கிறவனை வாரம் இரண்டு முறை யார் இறக்கி ஏற்றுவது?

இப்போது போனில் நடக்கிறது. கோவையில் பிசியோவாக இருக்கும் என் சித்தி மகள், வாரம் இரண்டு நாள் வீடியோ காலில் தம்பிக்கும் இன்னும் மூன்று பேருக்கும் அரை மணி நேரம் பயிற்சி கொடுக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, நின்ற இடத்தில் நடப்பது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, அவ்வளவுதான். யூடியூபில் இல்லாத வீடியோவா என்பார்கள். போட்டுப் பார்த்தோம். சினிமா பார்ப்பது போல ரசிப்பானே தவிர, கையைத் தூக்க மாட்டான். வீடியோ காலில் அக்கா அவன் பேரைச் சொல்லி "முட்டி இன்னும் மேலே" என்றால் உடனே தூக்குவான். அதுவும் ஆத்தூர்ப் பையன் முதலில் தூக்கிவிட்டால் இவனைப் பிடிக்க முடியாது!

இது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர், டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கு இதேபோல வீடியோவில் குழுவாக, அரை மணி நேர வகுப்புகளை 12 வாரம் நடத்தி 2018-இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆனால் யார் வேண்டுமானாலும் நடத்திவிட முடியாது. இவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்வாக இருக்கும். காலை டிவி யோகாவைப் பார்த்துச் சிரசாசனமோ சர்வாங்காசனமோ செய்தால் தண்டுவடத்துக்கே ஆபத்து. ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். 220-இல் வயதைக் கழித்து நாடித்துடிப்புக்கு இலக்கு வைக்கும் ஜிம் கணக்கும் செல்லாது; இவர்களுடைய உச்சத் துடிப்பே மற்றவர்களைவிடக் குறைவு. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் அளவு. முதல்முறை இதயத்தையும் கழுத்தையும் டாக்டரிடம் காட்டிய பிறகே தொடங்கினோம். வகுப்பு நடக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நடனம் என்றால் தம்பிக்குக் கால் தரையில் நிற்காது, எனவே நாற்காலியைச் சுவரோரம் போட்டு வைத்திருக்கிறோம்.

எல்லோர் வீட்டிலும் பிசியோ படித்த சித்தி மகள் இருக்க மாட்டாள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோக்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இதில் பயிற்சி கொடுத்து, சேலம் மாவட்டத்துக்கென ஒரு நேரடி வீடியோ வகுப்பைத் தமிழில் தொடங்கலாம். சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையைச் சேலம் அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தால், அந்த ஒரு தடவை எப்படியாவது மலை இறங்கி வந்துவிடுவோம். மாவட்ட நிர்வாகம் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, வகுப்பைச் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வையுங்கள். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அதற்கு முன்னால் போனும் இருக்காது, பக்கத்தில் நிற்க ஆளும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகலூர், ஏற்காடு.