முதல் மழைக்கு முன் ஓடைப் பள்ளத்துக் குழாயை மாற்றுங்கள்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மாதச் சுற்றறிக்கை கைக்கு வந்தது. எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வீட்டு நாய் தொலைந்து திரும்பி வந்தது, குளத்துக்குப் பறவைகள் வரத் தொடங்கிவிட்டன, நுழைவாயில் வளைவுக்கு என்ன நிறம் பூசப்போகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் இந்தச் செய்திகள்தான் ஒருவரை ஒருவர் விசாரிக்க வைக்கின்றன. நாங்களும் விரும்பித்தான் படிக்கிறோம். ஆனால் நான்கு பக்கத்திலும் தேடிவிட்டோம், ஓடைப் பள்ளத்துக் குழாய்ப் பாலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மழை தொடங்க ஆறு வாரம்கூட இல்லை. ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்துவிட்டதால், இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

பின்னணி உங்களுக்குத் தெரியும்: நம் சரளைச் சாலைக்கு அடியில் ஓடை நீரைக் கடத்தும் குழாய் போதாமல், மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் சாலைமேல் ஓடி, அப்பால் உள்ள வீடுகளுக்கு வழி அடைபடுகிறது. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறோம். பள்ளத்துக்கு அப்பால் கடைசி வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீரும் பொட்டாசியமும் தேங்கும். மூச்சு வாங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். போன மழையில் அவரை அழைத்துப் போக வந்த வண்டி மேட்டிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் செய்தது சரி. ஓடுகிற தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரிய ஆளின் காலை வாரிவிடும், 30 செ.மீ. இருந்தால் சிறிய காரை மிதக்க வைத்துவிடும். இரண்டரை மணி நேரம் காத்திருந்து, தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி அக்கரை சேர்த்தார்கள். அதில் இரண்டு பேருக்கு அறுபது வயதுக்கு மேல். தண்ணீருக்கு அடியில் சாலை அரித்துப் போயிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் கால் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று குழுவினர் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இந்த மழையிலும் அதே நான்கு பேரைத்தான் நம்பியிருக்கப் போகிறோமா?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். முதல் மழைக்கு முன் அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பெரிய குழாய் போடுங்கள்.

இப்போது இருப்பது 30 செ.மீ. விட்டமுள்ள குழாய். மட்டமாகக் கிடப்பதால் ஓடை கொண்டுவரும் வண்டல் உள்ளேயே தங்கி, பாதி அடைத்துவிட்டது. மேலே மூடியிருக்கும் மண் 20 செ.மீ.தான். தண்ணீர் லாரி ஏறி இறங்கியதில் நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. காய்ந்த சருகோடு ஒரு கிளை வந்து வாயில் குறுக்கே விழுந்தால் போதும், பத்து நிமிடத்தில் தண்ணீர் சாலைமேல் ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு லோடு கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரவிவிட்டுப் போகிறீர்கள். அது அடுத்த வெள்ளத்தில் அப்படியே ஓடைக்குள் இறங்கி, குழாயின் மறுவாயை அடைக்கிறது.

பக்கத்தில் இன்னொரு 30 செ.மீ. குழாய் போட்டால் போதும் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்ததாகக் கேள்விப்பட்டோம். தயவுசெய்து வேண்டாம். அப்படி இரண்டு குழாய் சேர்ந்தாலும் ஒரு 60 செ.மீ. குழாயின் வாய்ப்பரப்பில் பாதிதான் வரும். சிறிய வாயில் கிளை சிக்குவதும் அப்படியேதான் இருக்கும். வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் கரையில் ஒதுங்கிய சருகை வைத்துப் பார்த்துப் பொறியாளர் அளவு சொல்லட்டும். எப்படியும் 60க்குக் குறையக் கூடாது.

போடும் விதத்திலும் கவனம் வேண்டும், ஏனென்றால் பழைய குழாய் கெட்டதே போட்ட விதத்தால்தான். குழி, குழாயின் இரு பக்கமும் 30 செ.மீ. இடம் விட்டு வெட்டப்பட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து மண்ணை இடித்து இறுக்க முடியாது. அடியில் கல் துருத்தாமல் 10 முதல் 15 செ.மீ. மணலோ ஜல்லித்தூளோ பரப்ப வேண்டும். நீளம் 6 மீட்டர் என்றால் வெளிவாய் 12 செ.மீ. தாழ இருக்கட்டும், அந்தச் சரிவில்தான் வண்டல் தங்காமல் ஓடும். மண்ணை 15 செ.மீ. அடுக்காக இரு பக்கமும் ஒரே உயரத்தில் போட்டு, ஈரம் காட்டி இடிக்க வேண்டும். குழாய்க்கு மேல் குறைந்தது 30 செ.மீ. மண் மூடியிருக்க வேண்டும். அப்படியானால் பள்ளத்தில் சாலை இன்றைக்கு இருப்பதைவிட 40 செ.மீ. உயரும், இரு பக்கமும் நீளமாகச் சரித்து இறக்கினால் வண்டி அடிபடாது. இரு வாயிலும் முகப்புச் சுவரும், வெளிவாயில் 2 மீட்டருக்குக் கல் பாவலும் கட்டாயம். சுவர் இல்லாவிட்டால் தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி வழி தேடி மண்ணை உருவிவிடும். பாவல் இல்லாவிட்டால் விழுகிற இடத்தில் குழி பறித்துக் குழாயையே தொங்கவிடும்.

குழாயை மாற்றினாலும் சாலை இப்படியே இருந்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். சாலையைச் சமன்செய்யும் கிரேடர் இயந்திரத்தைக் கடைசியாக ஓட்டியபோது உதிரிச் சரளையை இரு ஓரத்திலும் வரப்பு மாதிரி விட்டுவிட்டுப் போனார்கள். மழைநீர் ஓரக் கால்வாய்க்குப் போக வழியில்லாமல் சக்கரத் தடத்திலேயே ஓடி, மேட்டுச் சரளையை எல்லாம் பள்ளத்துக்குக் கொண்டுவருகிறது. குழாயை அடைக்கும் வண்டலில் பெரும்பகுதி நம் சாலைதான்! தண்ணீர் ஓரத்துக்கு வடிய, 4 மீட்டர் அகலச் சாலையின் நடு, ஓரத்தைவிட 8 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஓரத்துக்கு ஓரம் கயிறு பிடித்துப் பார்த்தோம். பல இடங்களில் நடுவே தாழ்ந்து கிடக்கிறது. புழுதி பறக்கும் வெயிலில் கிரேடர் ஓட்டாதீர்கள், மண்ணைப் பிணைக்கும் தூள் காற்றில் போய்விடும். முந்தின நாள் தண்ணீர் தெளித்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். உருண்டைக் கூழாங்கல்லும் வேண்டாம், அது ஒன்றோடொன்று கவ்வாது. உடைத்த ஜல்லி, தூளோடு கலந்தது வேண்டும்.

ஓரக் கால்வாய் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேட்டுப் பக்கம் ஏழு வீட்டு நுழைவுகளில் அடியில் குழாய் வைக்காமல் கால்வாயை மண்ணால் மூடியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருமே நல்ல அண்டை வீட்டுக்காரர்கள். எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். ஆனால் சொல்ல வேண்டியது குழு. மனத்தாங்கல் வரும் என்று தயங்கித் தயங்கியே இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வேலியில் காயும் துணிக்கும், இரவில் எரியும் விளக்குக்கும் உடனே அறிவிப்பு அனுப்புகிற குழு, இதற்கு மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? பராமரிப்புச் சந்தாவைக் கடைசி வீட்டுக்காரர்களும் மற்றவர்களுக்குச் சமமாகத்தான் கட்டுகிறார்கள். வளைவுக்கு வண்ணம் அடுத்த ஆண்டு பூசிக்கொள்ளலாம்.

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காமல் உங்கள் நேரத்தைக் கொடுத்து உழைக்கிறீர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. வேலை நான்கு நாளில் முடியக்கூடியது: ஒரு நாள் ஜேசிபி வைத்துத் தோண்டிப் பழைய குழாயை எடுக்க, ஒரு நாள் புதியதைப் பதிக்க, இரண்டு நாள் சுவருக்கும் பாவலுக்கும். சிமென்ட் இறுக ஒரு வாரம் விட வேண்டும் என்பதால்தான் இப்போதே அவசரப்படுத்துகிறோம். அந்த நாட்களில் அப்பால் உள்ள வீடுகளுக்கு ஓடையோரமாகத் தற்காலிக வழி விட வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துத் தோண்டத் தொடங்குங்கள்.

வரும் ஞாயிறு காலை பள்ளத்துக்கு வந்து பார்க்கும்படி குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அளவு நாடாவும் கயிறும் நீர்மட்டக் குழாயும் நாங்கள் கொண்டுவருகிறோம். வேலை தொடங்கும் தேதியை அன்றே சொல்லுங்கள். அடுத்த சுற்றறிக்கையில் முதல் செய்தியாக அந்தத் தேதி வரட்டும்.

மரியாதையுடன்,
ஓடைக்கு இருபுறமும் உள்ள குடியிருப்போர்