நான்கு பேரில் கெடுத்தவன் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்வயதினரின் புகைப்பழக்கம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும் என்று விளக்கமாக எழுதியிருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் ஏன் தொடங்குகிறார்கள் என்ற கேள்விக்கு, 'தவறான நண்பர்கள்' என்று சொல்லிவிட்டுக் கட்டுரை அடுத்த பத்திக்குப் போய்விட்டது. நான் பள்ளி மாணவர்களுக்குத் தடகளப் பயிற்சி தருகிறவள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பையன் கடைசிச் சுற்றில் திணற ஆரம்பித்தால் எனக்குத்தான் முதலில் சந்தேகம் வரும். வீட்டுக்கு அப்புறம்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மகன் சிகரெட் பிடிப்பது தெரிந்து என்னிடம் வரும் பெற்றோர் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எங்க பையன் நல்லவன் மேடம், சேர்க்கைதான் சரியில்லை." அந்தச் சேர்க்கையில் இருக்கும் இன்னொரு பையனின் அம்மாவும் மறுநாள் வந்து இதையேதான் சொல்வார். நான்கு பேர் கொண்ட செட் என்றால், நான்கு வீட்டிலும் மற்ற மூன்று பேர்தான் குற்றவாளிகள். சரி, அப்படியானால் கெடுத்தவன் யார்?

நண்பர்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பங்கு நாம் நினைக்கிற மாதிரி இருப்பதில்லை. கையைப் பிடித்து இழுத்து வாயில் சிகரெட்டை வைக்கிற வில்லன் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பையன் எப்போதும் பையில் லைட்டர் வைத்திருப்பான். அவனுக்குப் புகைக்கும் பழக்கம் கிடையாது. பெரிய வகுப்பு அண்ணன்கள் நெருப்பு கேட்டால் எடுத்து நீட்டுவான். அந்தக் கூட்டத்தில் நிற்க அவனுக்கு இருந்த ஒரே உரிமை அந்த லைட்டர்தான். சில மாதங்களில் அவனும் பிடிக்க ஆரம்பித்தான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லார் கையிலும் இருக்கும்போது தன் கை மட்டும் சும்மா இருப்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

2005-இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைச் சிலர் தனியாகவும், சிலர் நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் ஆடினார்கள். நண்பர்கள் கூட இருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்தான முடிவுகள் வெகுவாக அதிகரித்தன. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆக, தனியாக உட்கார வைத்துக் கேட்டால் புற்றுநோய் பற்றி நம்மைவிடத் தெளிவாகப் பேசுகிற அதே பையன், செட்டோடு நிற்கும்போது வேறு ஆளாக இருப்பான். அவனுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்து நாம் வகுப்பு எடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

இன்னொன்று, இந்த வயதில் கணக்கு தப்பாகவே இருக்கும். ஒருமுறை என் மாணவர்களிடம் பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து, உங்கள் வயதில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள், நீங்கள் புகைக்கிறீர்களா என்று கேட்டேன். பாதிப் பேராவது புகைப்பார்கள் என்று பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். தான் புகைப்பதாக எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் உண்மையைத்தான் எழுதினார்களா என்று கேட்காதீர்கள், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் தன் வயதினரிடையே புகைப்பவர்களைப் பிள்ளைகள் கூடுதலாக மதிப்பிடுகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். அப்படி மதிப்பிடுகிறவன் பின்னால் தானும் தொடங்கும் வாய்ப்பும் அதிகம். 'எல்லாரும் செய்யுறாங்க' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது சாக்கு அல்ல. உண்மையாகவே அப்படி நம்புகிறான்.

அந்த நம்பிக்கையைச் சும்மா விட்டுவைக்காதவர்களும் இருக்கிறார்கள். கேமல் சிகரெட் விளம்பரத்தில் வந்த ஒட்டகச் சித்திரத்தை, ஆறு வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய மிக்கி மவுஸ் அளவுக்கு அடையாளம் கண்டார்கள் என்று 1991-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 1997-இல்தான் அந்த ஒட்டகம் ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டே இன்னொரு சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ், இளைஞர்களைப் பார்த்து 'யோசி, புகைக்காதே' என்று பெரும் விளம்பர இயக்கம் தொடங்கியது. அந்த விளம்பரங்களைப் பார்த்த பிள்ளைகளுக்குப் புகையிலை நிறுவனங்கள் மீது நல்லெண்ணம்தான் கூடியது என்று 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. சிகரெட் பெரியவர்களுக்கு மட்டும் என்று பதினைந்து வயதுப் பையனிடம் சொன்னால் அவனுக்கு என்ன கேட்கும்? சினிமாவும் இதில் சேர்த்திதான். திரையில் புகைக்கும் காட்சிகளுக்கும் இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பதினெட்டு வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. நிறுவனங்களுக்கு ஏன் இந்த வயதின் மீது இவ்வளவு அக்கறை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. மகனைக் கண்டிக்க வரும் அப்பா, என்னிடம் பேசி முடித்துவிட்டு மைதானத்துக்கு வெளியே போய் ஒன்றைப் பற்றவைப்பார். அதை மகன் பார்த்துக்கொண்டுதான் நிற்பான். அப்பாவை நான் குறை சொல்லவில்லை, நிகோடின் பிடி அப்படிப்பட்டது. அவரும் இதே வயதில்தான் தொடங்கியிருப்பார். ஆனால் அவர் விட்டுவிட முயன்றால், அந்த முயற்சி தோற்றாலும் மகன் பார்க்கும்படி முயன்றால், அது என் அறிவுரை எல்லாவற்றையும்விட மேல்.

நண்பர்களின் பிடியை மாற்றவே முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு ஐஸ்லாந்தைச் சொல்வேன். அங்கே 1998-இல் 15, 16 வயதினரில் 23 சதவீதம் பேர் தினமும் புகைத்தார்கள். 2016-இல் அது 3 சதவீதம். பிள்ளைகளைப் பயமுறுத்தி இதைச் சாதிக்கவில்லை. மாலை நேரங்களை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள். அதற்கான கட்டணத்தில் குடும்பங்களுக்கு உதவினார்கள். இரவு வெகுநேரம் சிறுவர்கள் வெளியே சுற்றக் கூடாது என்ற விதியைப் பெற்றோர் சேர்ந்தே காத்தார்கள். வீட்டில் பெற்றோரோடு கழிக்கும் நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள். ஆண்டுதோறும் மாணவர்களிடமே கேட்டு, நிலைமையை அந்தந்தப் பள்ளிக்குத் தெரிவித்தார்கள். சேர்க்கையைக் கலைப்பதற்குப் பதிலாக, சேர்ந்து செய்ய வேறு வேலை கொடுத்தார்கள். பயிற்சியாளர் என்பதால் விளையாட்டுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். பரிந்துதான் பேசுகிறேன்.

ஒரு நாட்டையே மாற்ற நம் வீட்டில் முடியாது. ஆனால் முடிகிற ஒன்று உண்டு. பிள்ளைக்கு மறுக்க ஒரு சாக்கு கொடுங்கள். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அதே கூட்டத்தில் நிற்பது அந்த வயதில் மிகவும் கஷ்டம். என் மாணவி ஒருத்தி தோழிகளிடம், "எங்க மேடம் பக்கத்துல வந்து மோந்து பாப்பாங்க, டீம்லேர்ந்து தூக்கிடுவாங்க" என்று சொல்லியே தப்பித்துவந்தாள். நான் யாரையும் மோந்து பார்த்ததில்லை. விஷயம் தெரிந்த பிறகு அதை மறுக்கவும் இல்லை. அம்மா கத்துவாள், அப்பா வெளியே விடமாட்டார் என்று நம்மைப் பொல்லாதவர்களாக்கிப் பிள்ளை பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். என் மாணவிக்கு மானமும் போகவில்லை, நட்பும் போகவில்லை. இப்போது சிகரெட் வாசனை வராத இ-சிகரெட்டுகள் வந்துவிட்டதால் இந்தச் சாக்கு இன்னும் எத்தனை நாள் செல்லுபடியாகுமோ, அது வேறு கவலை.

கடைசியாக, உங்களிடமே ஒரு கோரிக்கை. அந்தக் கட்டுரைக்கு நீங்கள் வைத்த தலைப்பு, மாணவர்கள் அத்தனை பேரும் புகைக்கு அடிமையாகிவிட்டார்கள் என்ற தொனியில் இருந்தது. கூடவே பின்வெளிச்சத்தில் ஓர் இளைஞன் அழகாகப் புகைவிடும் பெரிய படம். அதைப் பார்த்த என் மாணவன் ஒருவன், "பேப்பர்லயே போட்டுட்டாங்க மேடம், எல்லாரும்தான் பிடிக்கிறாங்க" என்றான். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அந்த வயதில் பெரும்பாலோர் புகைப்பதில்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் மைதானத்துக்கு ஒரு புகைப்படக்காரரை அனுப்புங்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் நாங்கள் ஓட ஆரம்பித்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு தடகளப் பயிற்சியாளர்